பை புராணம்

உலக வரலாற்றில் ஆசனவாய் நோய் ஒரே ஒரு முறைதான் ஃபேஷனாக இருந்திருக்கிறது. அந்தப் பெருமை பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயியைச் சேரும். 1686ஆம் வருஷம் மன்னருக்குப் பௌத்திரம். சூரிய ராஜா என்று பட்டம் சூட்டிக்கொண்டவரால் குதிரை ஏற முடியவில்லை. சிம்மாசனத்தில் ஒழுங்காக உட்காரவும் முடியவில்லை. களிம்பு, கட்டு, பேதி மருந்து எல்லாம் தோற்ற பிறகு, ஃபெலிக்ஸ் என்ற சர்ஜனைக் கூப்பிட்டார்கள். ஃபெலிக்ஸ் புத்திசாலி. நேராக ராஜாவின் மேல் கை வைக்காமல், பாரிஸ் ஏழைகள் பலர் மேல் ஒத்திகை பார்த்துக்கொண்டார். ஒத்திகையில் எத்தனை பேர் தேறினார்கள் என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நவம்பர் 18ஆம் தேதி, இதற்கென்றே வளைத்துச் செய்த கத்தியோடு போய் அறுத்தார். ராஜா பிழைத்தார். ஃபெலிக்ஸுக்கு நிலம், பணம், பட்டம்.

வேடிக்கை அதற்கப்புறம்தான். வெர்சாய் அரண்மனைப் பிரபுக்கள் பின்பக்கத்தில் துணிக்கட்டு போட்டுக்கொண்டு உலவ ஆரம்பித்தார்கள். பௌத்திரமே இல்லாதவர்கள் சர்ஜன்களைத் தேடிப் போய், 'எனக்கும் ராஜாவுக்குச் செய்த மாதிரியே செய்யுங்கள்' என்று நின்றார்கள். 'உமக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போம்' என்று சொன்னால் முகம் வாடிப்போயிற்றாம்.

நம் கதையின் நாயகனுக்கு இந்த யோகம் வாய்க்கவே இல்லை. நாயகன் பெயர் ஸ்டோமா. வயிற்றுத் தோலில் ஓர் ஓட்டை போட்டு, குடலின் ஒரு நுனியை அதன் வழியே வெளியே எடுத்துத் தைத்துவிடுவது. பெருங்குடல் வெளியே வந்தால் கொலோஸ்டமி, சிறுகுடல் வந்தால் ஐலியோஸ்டமி. வாசல் மேல் ஒரு பை. அல்சரேட்டிவ் கொலைடிஸ், க்ரோன் என்ற இரண்டு குடல் அழற்சி நோய்களும் முற்றிப்போய், மருந்துக்கு மசியாமல், குடல் கிழிகிற கட்டத்துக்கு வந்தால் இதுதான் உயிர் காக்கும். உயிரைக் காப்பாற்றியவனைக் கோட்டுக்குள் ஒளித்து வைப்பதே உலக வழக்கமாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க சர்ஜன்களுக்கு இருநூறு வருஷம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு இதை எப்படி ஒழிப்பது என்பதற்கு இன்னொரு நூறு வருஷம் மெனக்கெட்டிருக்கிறார்கள். நடுவே பையைக் கழுவியவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் பட்டம் கிடையாது, விடைகள் இருந்தன.

முதல் யோசனை லூயி மன்னர் உயிரோடிருந்தபோதே வந்தது. 1710இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தில் லித்ர் என்ற உடற்கூறு நிபுணர், மலத்துவாரமே இல்லாமல் பிறந்து ஆறே நாளில் இறந்த குழந்தையின் உடலை அறுத்துப் பார்த்துவிட்டு, 'குடலை வயிற்று வழியே வெளியே கொண்டுவந்திருக்கலாமே' என்றார். நல்ல யோசனை. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். செய்து பார்க்க யாரும் முன்வரவில்லை.

66 வருஷம் கழித்து, 1776இல், ரூவான் நகரத்து பில்லோர் துணிந்தார். நோயாளி ஓர் ஒயின் வியாபாரி. மலக்குடலில் புற்றுநோய், அடைப்பு. அடைப்பை எடுக்க அன்றைய சிகிச்சை பாதரசம் குடிப்பது. கனமான பொருள், ஆகவே தானே கீழே இறங்கி வழியைத் திறந்துவிடும் என்று கணக்கு. வியாபாரி சுமார் இரண்டு பவுண்டு பாதரசம் குடித்தார். வழி திறக்கவில்லை. பில்லோர் வயிற்றைத் திறந்து பெருங்குடலின் தொடக்கத்தை வெளியே கொண்டுவந்தார். அதன் மேல் ஒரு கடற்பஞ்சை வைத்து இழுபடும் கட்டு ஒன்றால் கட்டினார். உலகின் முதல் ஸ்டோமா பை அந்தப் பஞ்சுதான். ஆபரேஷன் வெற்றி, வாசல் அருமையாக வேலை செய்தது, நோயாளி 28ஆம் நாள் இறந்தார். அறுத்துப் பார்த்தால் பாதரசம் சிறுகுடலுக்குள் தங்கி அதை அழுகவைத்திருந்தது. சர்ஜன் போட்ட ஓட்டை குற்றமற்றது என்று தீர்ப்பு.

1793இல் பிரெஸ்ட் துறைமுகத்தில் துரே என்ற சர்ஜன், பிறந்து மூன்றே நாளான குழந்தைக்குக் கொலோஸ்டமி செய்தார். அதே வருஷம் பாரிஸில் இன்னொரு லூயியின் கழுத்தில் செய்த அறுவை வரலாற்றுப் புத்தகங்களில் அத்தியாயம் அத்தியாயமாக இருக்கிறது. துரேயின் குழந்தை 45 வயது வரை வாழ்ந்தது. அதற்கு அடிக்குறிப்புத்தான்.

இங்கிலாந்தில் நிலைமை மோசம். 1737இல் இரண்டாம் ஜார்ஜின் ராணி கரோலினுக்குத் தொப்புளில் குடலிறக்கம். பிள்ளைப்பேற்றில் வந்ததைப் பல வருஷம் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவைத்தார். குடல் மாட்டிக்கொண்டு வயிறு வீங்கியபோது அரண்மனை வைத்தியர்கள் திரண்டார்கள். சிகிச்சை நடுவில், குனிந்து பார்த்த தொண்டு கிழ சர்ஜன் ஒருவரின் பொய்முடி மெழுகுவர்த்தியில் பட்டுத் தீப்பிடித்ததாகவும், கொஞ்சம் சிரித்துக்கொள்கிறேன், கத்தியை நிறுத்து என்று ராணி சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. படுக்கையருகே ராஜா அழுதார். நீங்கள் மறுமணம் செய்துகொள்ளுங்கள் என்றார் ராணி. மாட்டேன், ஆசைநாயகிகள் வைத்துக்கொள்கிறேன் என்று விசும்பினார் ராஜா. சில நாளில் குடல் வெடித்தது, ராணி இறந்தார். அந்த நூற்றாண்டிலேயே மார்கரெட் ஒயிட் என்ற சாதாரணப் பெண்மணிக்கு இதே தொப்புள் குடலிறக்கம் வெடித்து, அழுகிய குடல் போய், மிச்சக் குடல் வெளியே தொங்க, பல வருஷம் வாழ்ந்ததாக செசல்டன் என்ற லண்டன் சர்ஜன் எழுதிவைத்திருக்கிறார். அரண்மனை வைத்தியர்கள் சூழ இருக்கும் பாக்கியம் மார்கரெட்டுக்கு இல்லை. பிழைத்தார்.

இதெல்லாம் அடைப்பும் இறக்கமும். குடல் அழற்சி நோய் மேடைக்கு வந்தது ஒரு கொலை வழக்கில்.

1859, லண்டனுக்கு அருகே ரிச்மண்ட். டாக்டர் தாமஸ் ஸ்மெதர்ஸ்ட் என்பவருக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அவரைவிட மிகவும் மூத்தவர். அந்த அம்மாள் உயிரோடிருக்கும்போதே, கையில் சொத்துள்ள இசபெல்லா பேங்க்ஸ் என்பவரைத் தேவாலயத்தில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். சில மாதத்தில் இசபெல்லாவுக்கு வாந்தி, இரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. படுத்த படுக்கையாக இருந்தபோது உயில் எழுதப்பட்டது, எல்லாம் ஸ்மெதர்ஸ்டுக்கே. சில நாளில் மரணம். இதற்கு மேல் போலீசுக்கு என்ன வேண்டும்?

அரசுத் தரப்பின் பெரும் சாட்சி ஆல்ஃபிரட் டெய்லர். விஷ ஆராய்ச்சியில் இங்கிலாந்தின் தெய்வம். ஒரு குப்பியில் ஆர்செனிக் இருக்கிறது என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, சோதனைக்குப் பயன்படுத்திய செப்புக்கம்பியிலேயே ஆர்செனிக் கலந்திருந்தது என்று ஒப்புக்கொண்டார். விஷத்தைத் தேடப் போனவரே அதைக் கையோடு கொண்டுபோயிருந்தார். ஆனாலும் ஜூரிகள் தூக்குத் தண்டனைக்கு வழி செய்தார்கள். இரண்டு பெண்டாட்டிக்காரன், உயில், டாக்டர் வேறு. ஆர்செனிக் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

இசபெல்லாவின் குடலை ஆராய்ந்து சாமுவேல் வில்க்ஸ் எழுதிய குறிப்பு இந்த அமளிக்கு நடுவில்தான் வெளியானது. பெருங்குடல் முழுக்கப் புண், சிறுகுடல் கடைசிப் பகுதியிலும் அழற்சி. விஷம் இப்படிச் செய்யாது, இது ஒரு வியாதி. அல்சரேட்டிவ் கொலைடிஸுக்கு மருத்துவ வரலாறு வைத்திருக்கும் பிறந்த தேதி இதுதான். அந்தக் குறிப்பைப் பின்னாளில் படித்தவர்கள், இது க்ரோன் நோயாக அல்லவா இருக்கிறது என்கிறார்கள். இன்றைக்கும் இரண்டில் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத நோயாளிகள் உண்டு. முதல் நோயாளியிலேயே குழப்பம் தொடங்கியிருப்பது ஒரு வகையில் நேர்மைதான். ஊரில் கூச்சல் எழுந்து, அரசு மறுபரிசீலனை செய்து, ஸ்மெதர்ஸ்டுக்குக் கொலைக்குற்றத்திலிருந்து மன்னிப்பு கிடைத்தது. இருதார மணத்துக்கு ஒரு வருஷம் சிறை. வெளியே வந்த மனிதர் சும்மா இருந்தாரா? உயிலுக்காக வழக்குப் போட்டார். ஜெயித்தார்.

வியாதிக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மருந்து கிடைக்கவில்லை. ஆகவே சர்ஜன்கள் உள்ளே நுழைந்தார்கள்.

1902இல் நியூயார்க்கின் ராபர்ட் வெயர் ஒரு வழி சொன்னார். குடல்வாலை வயிற்றுக்கு வெளியே இழுத்துத் தைத்து, அதன் நுனியைத் திறந்து, அதன் வழியே பெருங்குடலுக்குள் மருந்துத் தண்ணீரை விட்டு அலசுவது. மெதிலீன் நீலம், வெள்ளி நைட்ரேட், பிஸ்மத் என்று கையில் கிடைத்ததையெல்லாம் விட்டார்கள். மேலே புனல், கீழே பீங்கான். கொஞ்ச காலம் இதுதான் நாகரிகமாக இருந்தது. புண் தன் பாட்டுக்கு இருந்தது. வெளியே வந்த தண்ணீர் மட்டும் நீலமாக வந்தது.

1913இல் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜான் யங் பிரவுன், கழுவினது போதும், பெருங்குடலுக்கு முழு ஓய்வு கொடுங்கள் என்றார். சிறுகுடலை வயிற்றில் வெளியே எடுத்து வைத்தால் மலம் பெருங்குடல் பக்கமே போகாது. ஓய்வில் புண் ஆறும். யோசனை அழகு. ஓய்வெடுத்த பெருங்குடல் பெரும்பாலும் திரும்ப வேலைக்கு வரவில்லை. ஐலியோஸ்டமி தங்கிவிட்டது. அந்தக் காலத்து டாக்டர்கள் நோயாளி எலும்பும் தோலுமாகி, காய்ச்சல் ஏறி, இனி பாதிரியாரா சர்ஜனா என்ற கட்டம் வரும்வரை காத்திருந்துதான் அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களில் பலர் மேசையிலோ மறுவாரமோ போனார்கள். உடனே, 'பார்த்தீர்களா, ஐலியோஸ்டமி ஆபத்தானது' என்று எழுதினார்கள். ஆகவே அடுத்த நோயாளியை இன்னும் தாமதமாக அனுப்பினார்கள்.

பிழைத்தவர்கள் பாடு தனி. சிறுகுடலிலிருந்து வருவது கெட்டியானதல்ல, தண்ணீர். அதில் இறைச்சியைக் கரைக்கிற செரிமான நொதிகள். வயிற்றுத் தோலும் இறைச்சிதான் என்பது நொதிகளுக்கு உடனே புரிந்துவிடும். பெல்ட்டில் கட்டிய ரப்பர் கிண்ணம், டப்பா, துணி, பஞ்சு எதுவும் ஒட்டவில்லை. ஒழுகியது, நாறியது, தோல் வெந்தது. சர்ஜன் கட்டுரையில் 'நோயாளி நலமாக வீடு திரும்பினார்' என்று எழுதியிருக்கும். வீடு திரும்பிய பிறகு அவர் வாசலைத் தாண்டினாரா என்று கேட்பது சர்ஜரியின் பாடத்திட்டத்தில் இல்லை.

இடையில் மனோதத்துவம் வந்து சேர்ந்தது. 1930இல் முர்ரே என்பவர், கொலைடிஸ் நோயாளிகளுக்கு மனக்குழப்பம் அதிகம், அம்மாவிடம் ஒட்டுதல் அதிகம், அதனால்தான் குடல் புண்ணாகிறது என்ற பாணியில் ஆரம்பித்துவைத்தார். பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாளைக்கு இருபது தடவை இரத்தமாகப் போகிறவன் பதற்றமாக இருக்கிறான் என்றால், போவதால் பதற்றமா, பதற்றத்தால் போகிறதா என்று யோசிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள் எத்தனையோ அம்மாக்கள் மேல் பழி. சில இடங்களில் மூளையின் முன்பக்க நரம்பிழைகளை வெட்டியும் பார்த்தார்கள். குடல் நோய்க்கு மூளை ஆபரேஷன். செய்தவர்கள் யாருக்கும் மூளை ஆபரேஷன் தேவை என்று ஒருவரும் சொல்லவில்லை.

சிகாகோவில் ஆல்ஃபிரட் ஸ்ட்ராஸ் என்ற சர்ஜனிடம் ஐலியோஸ்டமி செய்துகொண்டவர்களில் கோனிக் என்று ஒருவர். வேதியியல் மாணவர். ஒழுகுகிற வயிற்றோடு வகுப்புக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் போகவேண்டியவர். அவருக்கு இது மருத்துவப் பிரச்சினையாகத் தெரியவில்லை. ஒட்டுகிற பிரச்சினையாகத் தெரிந்தது. ரப்பர் பையைத் தோலோடு ரப்பர் பசை கொண்டு நேராக ஒட்டிவிட்டால் என்ன? ஒட்டினார். நின்றது. ருட்சன் என்ற ரப்பர் தயாரிப்பாளர் செய்து விற்றார். வயிற்றில் வாசல் வந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்து, கதவு வந்தது. பையின் பெயர் ஸ்ட்ராஸ்-கோனிக்-ருட்சன். சர்ஜன் பெயர் முதலில் வந்தது எப்படி என்று கேட்கக்கூடாது.

ஆனால் வாசலே சரியில்லை. குடல் நுனியை வெட்டி வெளியே நீட்டிவிட்டு அப்படியே விட்டுவிடுவார்கள். குடலின் வெளித்தோல் இந்த நொதித் தண்ணீரில் நனைந்து, வெந்து, வீங்கி, தானே அடைத்துக்கொள்ளும். பல வாரம் கழித்து உடம்பே மெள்ள மெள்ள உள்தோலை வெளியே புரட்டி மூடிக்கொள்ளும். அதுவரை நோயாளி உப்பும் தண்ணீரும் இழந்து தவிக்கவேண்டும். 1952இல் பர்மிங்காமின் பிரையன் ப்ரூக், உடம்பு ஆறு வாரத்தில் செய்வதை நாமே ஆபரேஷன் மேசையில் செய்துவிடலாமே என்று, சட்டைக் கையை மடிப்பதுபோல் குடல் நுனியை வெளிப்பக்கமாக மடித்து, ஓரத்தைத் தோலோடு தைத்தார். இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சிறு மூக்கு. வருவது தோலில் படாமல் நேராகப் பைக்குள் விழும். அந்த வருஷம் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில் இந்த மடிப்புக்கு அவர் ஒதுக்கிய இடம் மிகச் சொற்பம். மற்றதெல்லாம் இன்று யாருக்கும் நினைவில்லை. மடிப்பு மட்டும் நிற்கிறது. குடல் சர்ஜரியில் எத்தனையோ பேர் எத்தனையோ பக்கம் எழுதியிருக்கிறார்கள். மடிக்கத் தோன்றியது இவருக்கு.

அடுத்து பசை. ரப்பர் பசை தோலைப் பிய்த்தது. ஓஹையோவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற சர்ஜன், பல்செட் வழுக்காமல் இருக்கத் தூவுகிற பொடி ஈரத்தில் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்வதைக் கவனித்தார். கராயா பிசின். அதைத் தோலில் தூவினார். ஒட்டவும் செய்தது, புண்ணையும் ஆறவிட்டது. இந்தப் பிசின் எங்கிருந்து போகிறது தெரியுமோ? ஆந்திர, மத்தியப் பிரதேசக் காடுகளில் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் மரங்களைக் கீறி ஆதிவாசிகள் எடுப்பது. விசாகப்பட்டினத்திலுள்ள கிரிஜன் கூட்டுறவுக் கழகம் அவர்களிடம் வாங்கி விற்கிறது. ஐஸ்கிரீம் உருகாமல் இருக்கவும் இதுதான். மலச்சிக்கலுக்கு விழுங்கவும் இதுதான். உள்ளே போனால் இளக்கும், வெளியே பூசினால் பிடித்துவைக்கும் என்று இரண்டு பக்கமும் வேலை பார்க்கிற பிசின் வேறு கிடையாது. மரத்தைக் கீறியவருக்குத் தன் பிசின் ஓஹையோவில் யார் வயிற்றில் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்திருக்க வழியில்லை. கராயாவுக்குப் பின் வந்த ஜெலட்டின், பெக்டின் கலந்த பசைத்தகடும் வாய்ப்புண்ணுக்காகச் செய்த மருந்திலிருந்து பிறந்ததுதான். பல்டாக்டர்கள் இல்லாவிட்டால் ஸ்டோமாக்காரர்கள் பாடு திண்டாட்டம்.

அதே கிளீவ்லண்டில், ஆக்ரன் ஊரைச் சேர்ந்த நார்மா கில் என்ற இல்லத்தரசிக்கு 1954இல் ஐலியோஸ்டமி ஆயிற்று. கொலைடிஸோடு தோலெல்லாம் அழுகும் கொடிய புண்களும் பட்டவர். அதற்கு முன் தன் பாட்டிக்கு கொலோஸ்டமி பராமரித்த அனுபவமும் உண்டு. பிழைத்தெழுந்த பின் ஊரில் ஸ்டோமா வைத்தவர்களை வீடு வீடாகத் தேடிப் போய், இப்படி ஒட்டு, அப்படித் துடை, இதைச் சாப்பிட்டால் காற்று என்று சொல்லிக்கொடுத்தார். டர்ன்புல் பார்த்தார். 1958இல் அந்த அம்மாளையே ஆஸ்பத்திரியில் வேலைக்கு வைத்துக்கொண்டார். நர்ஸ் படிப்பு கிடையாது. 1961இல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது நர்ஸ்களுக்குப் பாடம் நடத்தியது இவர்தான். இன்று உலகெங்கும் ஸ்டோமா நர்ஸ் என்று ஓர் இனம் இருப்பதற்கு மூலம் இந்த ஆக்ரன் அம்மாள். ஒரு சர்ஜன் தன்னால் முடியாததை முடியாது என்று ஒப்புக்கொண்டு இன்னொருவரை உட்காரவைத்தது, சர்ஜரி வரலாற்றில் மயக்க மருந்துக்கு அடுத்த அதிசயம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

டென்மார்க்கில் இன்னொரு பெண்மணி. எலிசே சோரன்சன், நர்ஸ். தங்கை தோராவுக்குப் புற்றுநோயால் கொலோஸ்டமி. ஒழுகிவிடுமோ என்று வெளியே தலைகாட்டவே மறுத்தாள். 1954இல் அக்கா யோசித்தது எளிமையானது: பிளாஸ்டிக் பை, அதைச் சுற்றி ஒட்டும் வளையம், நிறைந்ததும் தூக்கி எறிந்துவிடலாம். பிளாஸ்டிக் பை தயாரிப்பாளர் லூயிஸ்-ஹான்சனிடம் போனார். அவருக்கு இது ஒரு வியாபாரமாகவே படவில்லை. நல்லவேளை, அவர் மனைவி யோகன்னாவும் நர்ஸ். அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று குறிப்பு கிடையாது, கணவன்மார்கள் ஊகித்துக்கொள்ளலாம். பை தயாரானது. 1957இல் கோலோபிளாஸ்ட் கம்பெனி. ஒழுகாத வயிற்றுக்கு உலகம் எத்தனை ஏங்கியிருந்தது என்று அப்புறம் விற்பனையில் தெரிந்தது.

க்ரோன் நோயின் பெயர்க்கதையைச் சொல்லாமல் போனால் பாவம். 1932இல் நியூயார்க் மவுண்ட் சினாய் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று பேர் கட்டுரை எழுதினார்கள்: க்ரோன், கின்ஸ்பர்க், ஓப்பன்ஹைமர். நோயாளிகளை அறுத்த சர்ஜன் பெர்க். கட்டுரையில் உங்கள் பெயரையும் போடுகிறோம் என்றதற்கு, நான் எழுதாததில் என் பெயர் எதற்கு என்று மறுத்துவிட்டார். ஆங்கில அகரவரிசையில் முதலில் வந்த க்ரோன் அமரரானார். பெர்க் கொஞ்சம் சுயநலமாக இருந்திருந்தால் வியாதிக்கு அவர் பெயர். முதலில் 'கடைசிக் குடல் அழற்சி' என்ற பொருளில் பெயர் வைத்திருந்தார்கள்; கடைசி என்றால் நோயாளி பயந்து சாவானே என்று ஒருவர் சொல்லி மாற்றினார்கள்.

வியாதிக்கு ஊரறிந்த பெயர் கிடைத்தது 1956இல், அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் புண்ணியத்தில். முந்தின வருஷம் மாரடைப்பு, இந்த வருஷம் ஜூன் மாதம் ஒரு நள்ளிரவு தாண்டிக் குடலடைப்பு ஆபரேஷன், நவம்பரில் தேர்தல். நோய் பிடித்த பகுதியை வெட்டாமல் பக்கவாட்டில் மாற்றுப்பாதை போட்டுவிட்டார்கள். பை இல்லை. ஜனாதிபதி மறுபடி ஜெயித்தார். அந்த மாற்றுப்பாதை ஆபரேஷனைப் பின்னாளில் கைவிட்டார்கள். உள்ளே விட்டுவைத்த நோய்க்குடலில் புற்றுநோய் வரக்கூடும் என்பதால். நாட்டின் முதல் குடிமகனுக்குக் கிடைத்தது நாளைக்கு வழக்கொழியப் போகிற சிகிச்சை.

பை நன்றாக வேலை செய்யத் தொடங்கிய உடனே சர்ஜன்களுக்கு அலுத்துவிட்டது. 'பையில்லா வாழ்வு' இயக்கம் ஆரம்பம். 1969இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்து நில்ஸ் காக், சிறுகுடலை மடித்துத் தைத்து வயிற்றுக்குள்ளேயே ஒரு பை செய்தார். வாயில் ஒரு வால்வு. தினம் சில தடவை குழாய் விட்டு நோயாளியே காலி செய்துகொள்ளலாம். வெளியே ஒன்றும் தொங்காது. வால்வு மட்டும் அடிக்கடி நழுவியது. நழுவினால் திரும்ப ஆபரேஷன். சர்ஜன் குடும்பத்துக்கு இது ஒன்றும் கெட்ட செய்தியல்ல.

1978இல் லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியின் ஆலன் பார்க்ஸும் நிக்கல்ஸும் வால்வையும் ஒழித்தார்கள். பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலால் உள்பை செய்து ஆசனவாயிலேயே இணைத்துவிட்டால், ஆண்டவன் வைத்த வாசலே போதும். பார்க்ஸ் செய்த பை எஸ் வடிவம். அதிலும் பலருக்குக் குழாய் விட்டுத்தான் காலி செய்யவேண்டி வந்தது. 1980இல் ஜப்பானின் உட்சுனோமியா ஜே வடிவத்தில் செய்தார். பிறகு டபிள்யூ, ஹெச். சர்ஜன்கள் மாநாட்டில் எழுத்துகளுக்காகச் சண்டை போட்டார்கள். செய்வதற்குச் சுலபம் என்பதால் ஜே ஜெயித்தது. நமது தமிழ் எழுத்துகளில் ஒன்றை யாராவது முயன்றிருந்தால் நோயாளியின் கதி என்ன என்று நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது. 'ஞ' வடிவக் குடல்!

உள்பைக்குச் சில உபகதைகள். புதுத் தையல் ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகக்கூடாது. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் தற்காலிக ஐலியோஸ்டமி. பை வேண்டாம் என்பதற்காகப் பை. அது முடிந்தால் தினம் ஐந்தாறு தடவை போகவேண்டும். உள்பையிலேயே அழற்சி வருவதும் உண்டு, அதற்கு 'பௌச்சைட்டிஸ்' என்று பெயர். பழைய வியாதியை ஒழித்த இடத்தில் சர்ஜரி புது வியாதி ஒன்றைக் குடியேற்றிய அருமையான சந்தர்ப்பம். க்ரோன் நோய்க்கோ உள்பை பொதுவாக ஆகாது. நோய் புதுப்பையையும் தின்றுவிடும். ஆகவே க்ரோன்காரர்கள் ப்ரூக்கின் மூக்கோடு இருந்தார்கள். அவர்களில் குடல் பல இடத்தில் சுருங்கியவர்களுக்கு வெட்டாமல் வழி காட்டியது நம்மவர்கள். காசநோயால் சுருங்கும் குடலை நீளவாக்கில் கீறி, குறுக்குவாக்கில் தைத்து அகலமாக்கும் முறையை இந்திய சர்ஜன்கள் 1977இல் எழுதினார்கள். 1982இல் ஆக்ஸ்ஃபோர்டின் லீ அதையே க்ரோன் நோய்க்குச் செய்தார். காசநோய்க் குடலும் க்ரோன் குடலும் பார்க்க ஒன்றுபோலிருப்பதால், இங்கே நிறைய பேர் க்ரோன் என்று தெரிவதற்குமுன் மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை தின்றிருப்பார்கள். அந்தக் குழப்பத்திலிருந்து விளைந்த ஒரே நன்மை பிரிட்டிஷ் இதழ் வழியாக ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிற்று.

பையோடு வாழ்ந்தவர்கள் இதற்குள் வெளியே வர ஆரம்பித்திருந்தார்கள். சான் டியேகோவின் அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ரால்ஃப் பெனிர்ஷ்கே 1979இல் கொலைடிஸ் ஆபரேஷன் செய்துகொண்டு, 1980இல் பையோடு மைதானத்துக்குத் திரும்பி, மேலும் பல வருஷம் ஆடினார். இடிபடுவதையே ஆட்டம் என்று வைத்திருக்கும் ஆட்டம் அது.

பிறகு எலி வந்தது. சுண்டெலியின் புரதமும் மனிதப் புரதமும் கலந்து செய்த இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்தை முதலில் இரத்தத்தில் கிருமி ஏறியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பலனில்லை. ஆம்ஸ்டர்டாமில் க்ரோன் நோயால் தவித்த 13 வயதுச் சிறுமிக்குக் கொடுத்தபோது புண் ஆறியது. 1998இல் அமெரிக்காவில் க்ரோனுக்கு அனுமதி, 2005இல் கொலைடிஸுக்கு. அண்ணன் தம்பி மருந்துகள் வரிசையாக வந்தன. பெருங்குடலை அவசரமாக எடுக்கவேண்டி வருபவர்கள் பல நாடுகளில் குறைந்தார்கள். இனி ஸ்டோமா அருங்காட்சியகத்துக்குத்தான் என்று மருந்துக்காரர்கள் கை தட்டிக்கொண்டார்கள்.

நாயகன் போகவில்லை. மருந்துகளை ஒவ்வொன்றாக முயன்று, எல்லாம் தோற்ற பிறகு சர்ஜனிடம் வருகிறவர் முன்பைவிட நைந்துபோயிருக்கிறார். ஒரே மூச்சில் எல்லாம் செய்ய முடியாது. ஆகவே முதலில் பெருங்குடலை எடுத்து ஸ்டோமா, உடம்பு தேறியதும் உள்பையும் இன்னொரு ஸ்டோமாவும், கடைசியில் அதை மூடுவது என்று மூன்று கட்டமாகப் பிரித்துச் செய்வது அதிகமாகியிருக்கிறது. ஆசனவாயைச் சுற்றிப் பௌத்திரங்களோடு வரும் க்ரோன் நோயாளிகளுக்கு, கொஞ்சம் ஓய்வு கொடுப்போம் என்று தற்காலிக ஸ்டோமா வைக்கிறார்கள். 1913இல் பிரவுன் சொன்னதுதான். மறுபடி மூடும் பாக்கியம் கிடைப்பவர்கள் சிலரே. தற்காலிகம் என்ற சொல் நமது அரசாங்க அலுவலகத்தில் எந்த அர்த்தத்தில் புழங்குகிறதோ அதே அர்த்தத்தில் குடல் வார்டிலும் புழங்குகிறது. உள்பையோடு பல வருஷம் மல்லாடிவிட்டு, கழிப்பறை எங்கே என்று வரைபடம் பார்த்தே ஊர் சுற்றியது போதும், எனக்குப் பழைய வெளிப்பையையே கொடுங்கள் என்று திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2017இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று, சிறுகுடல் முடிவில் மட்டும் கொஞ்சமாகப் பிடித்த க்ரோனுக்கு இன்ஃப்ளிக்சிமாபுக்குப் பதில் நேராக அந்தத் துண்டை வெட்டி எடுப்பதும் நியாயமான வழியே என்று முடிவு சொன்னது. சர்ஜன்களுக்கு அன்று தீபாவளி.

இன்று ஆபரேஷன் துளை வழியே, சில இடங்களில் ரோபோ கையால். நுனியை மடிப்பது மட்டும் ப்ரூக் மடித்தபடிதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு சடங்கு உண்டு. ஸ்டோமா நர்ஸ் வருவார். நோயாளியை உட்கார், நில், குனி என்பார். ஐயா வேஷ்டியை எங்கே கட்டுவீர்கள், அம்மா புடவைக் கொசுவம் எங்கே செருகுவீர்கள், பேண்ட் என்றால் பெல்ட் தொப்பைக்கு மேலா கீழா என்று கேட்பார். தொப்பை மடிப்பு எங்கே விழுகிறது, நோயாளி குனிந்தால் அவர் கண்ணுக்கே அந்த இடம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு அழியாத பேனாவால் வயிற்றில் ஒரு புள்ளி. மறுநாள், பெயருக்குப் பின்னால் ஒன்றரை வரி பட்டம் வைத்திருக்கும் பேராசிரியர் வந்து, அந்தப் புள்ளியில்தான் கத்தியை வைக்கவேண்டும். ஓர் அங்குலம் தள்ளி வைத்தால் பை கொசுவத்தில் மாட்டி ஒழுகும். நோயாளி நேரே போய் நர்ஸிடம் சொல்லுவார். நர்ஸ் வந்து பேராசிரியரிடம் சொல்லுவார்.